சார்ட்டா, நேரில் காட்டுவதா?

எல்கேஜி பிள்ளைக்குத் தேசியச் சின்னங்களைச் சொல்லித்தர எது நல்லது என்று புதுச்சேரியில் பல பெற்றோர் குழம்புகிறார்கள்.

செலவு: சார்ட் மலிவு. கடற்கரைக் காந்தி சிலைக்கு பஸ் காசு போதும்.

வசதி: சார்ட்தான். மயிலையும் புலியையும் கடற்கரையில் எங்கே காட்டுவது?

மனதில் நிற்பது: நேரில் பார்ப்பதற்கு ஈடே இல்லை. சிலையைச் சுற்றியுள்ள செஞ்சிக் கல்தூண்களைத் தொட்டுக்கொண்டே இந்தத் தாத்தா யார் என்று பிள்ளையே கேட்கும், அப்புறம் பாரதி பூங்காவில் ஆயி மண்டபத்தைக் காட்டி இதுதான் நம்ம புதுச்சேரி அரசின் சின்னம் என்றால் கண்ணை விரிக்கும், பிரெஞ்சு ஆட்சி போய்ப் புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்த 1954 நவம்பர் 1 கதையையும் அங்கேயே சொல்லலாம்.

மூன்று வயதுக்குச் சார்ட் போதும். அசோகச் சக்கரத்தின் 24 ஆரங்களை எண்ணத் தெரிந்த பிள்ளையை நேரில் கூட்டிப்போங்கள்.