கடலோர வீட்டு சிட்-அவுட்டைக் கண்ணாடி அறையாக்கப் போகிறீர்களா? கொட்டேஷனை மறுபடி படியுங்கள்

சென்னையில் திருவான்மியூரிலிருந்து ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வழியாக ஈஞ்சம்பாக்கம் வரை, கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாடி சிட்-அவுட்டை, அதாவது திறந்த வராந்தாவை, கண்ணாடி போட்டு மூடி ‘சன்ரூம்’ ஆக்கித் தருகிறோம் என்று இப்போது நிறைய பேர் கிளம்பியிருக்கிறார்கள். அப்படி ஒருவர் எங்களிடம் 3 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய் பேசி, அதில் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டு என்ன செய்துவிட்டுப் போனார் என்பதுதான் விஷயம். பெயரைக் கேட்காதீர்கள். நுகர்வோர் ஆணையத்தில் மனு இருக்கிறது, அது முடியட்டும்.

எங்கள் வீடு பாலவாக்கத்தில். முதல் மாடியில் கிழக்கும் தெற்கும் திறந்த சிட்-அவுட், 20க்கு 10 அடி. மாமனாரின் ஊஞ்சல் அங்கேதான். ஐப்பசி, கார்த்திகையில் சாரல் அடித்து எல்லாம் நனைந்துவிடும், மற்ற மாதங்களில் புறாத் தொல்லை. அதனால் மூடிவிடலாம் என்று பேச்சு வந்தது.

வந்தவர் டேப்லெட்டில் படம் காட்டினார். வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே சோபாவில் ஒரு குடும்பம் காபி குடிக்கிறது. சன்ரூம் என்பதே அந்த ஊர்க்காரர்கள் கிடைக்கிற கொஞ்சம் வெயிலையும் பிடித்து வைத்துக்கொள்ளச் செய்த ஏற்பாடு. சாதாரணக் கண்ணாடி வெயிலை உள்ளே விடும், உள்ளே சூடான தரையும் சாமானும் விடுகிற வெப்பத்தை வெளியே விடாது. நமக்கு இருக்கிற வெயில் போதாதா? இதைக் கேட்டேன். “நம்மது ஹீட் ரிஃப்ளெக்டிவ் மேடம், ஒரு டன் ஏசி போதும்” என்றார். வாய்ஸ் மெசேஜிலும் அதையே சொல்லியிருக்கிறார், பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கொட்டேஷனில் இருந்தது இவ்வளவுதான்: ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) ஃப்ரேம், எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கைப்பிடி, டஃபன்ட் கிளாஸ் (சூடேற்றிப் பலப்படுத்திய கண்ணாடி), இம்போர்ட்டட் பாலிகார்பனேட் (வெளிச்சம் விடுகிற பிளாஸ்டிக் ஷீட்) கூரை. சதுர அடிக்கு 1,850 ரூபாய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எஸ்.எஸ். எந்த கிரேடு, கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர், ஷீட் எந்த கம்பெனி, எதுவும் இல்லை. கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் பதில் வந்தது: “304 தான் மேடம், எல்லாருக்கும் அதான் போடுறோம்.” அறுபது சதவீதம் அட்வான்ஸ் கொடுத்தோம். “ஜிஎஸ்டி இல்லாம போட்டுக்கலாமே, 18 பர்சன்ட் மிச்சம்” என்றார்கள். நாங்கள் விடாப்பிடியாக நின்று அட்வான்ஸுக்கு பில் வாங்கினோம். இன்றைக்கு எங்கள் கையில் இருக்கிற உருப்படியான காகிதம் அது ஒன்றுதான்.

முதலில் கைப்பிடி. வேலை முடிந்து மூன்று மாதத்துக்குள் டீக் கறை மாதிரி பழுப்புப் புள்ளிகள். துடைத்தால் போகும், அடுத்த வாரம் திரும்ப வரும். சூப்பர்வைசர் வந்தார், சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்து வைத்தார். “பாருங்க, ஒட்டலை. 304.” இந்த வித்தையை நம்பாதீர்கள். 202 கிரேடிலும் காந்தம் ஒட்டாது. 304-இல் நிக்கல் எட்டு சதவீதத்துக்கு மேல் இருக்கும். 202-இல் நிக்கலைக் குறைத்து அந்த இடத்தில் மாங்கனீஸைச் சேர்த்திருப்பார்கள், அதனால்தான் விலை குறைவு. கண்ணுக்கு இரண்டும் ஒரே பளபளப்பு. இரும்புக் கடைகளில் ஒரு டெஸ்ட் லிக்விட் வைத்திருப்பார்கள். பைப்பில் ஒரு சொட்டு விட்டு 9 வோல்ட் பேட்டரியைத் தொட வைத்தார் எங்களுக்குத் தெரிந்த வெல்டர். கொஞ்ச நேரத்தில் சொட்டு சிவந்தது. “இது 202 தான்க்கா” என்று சிரித்துவிட்டார். உண்மையில் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் 304-ஏ கறை பிடிக்கும். உப்பைத் தாங்குவதற்கென்று மாலிப்டினம் சேர்த்த 316 கிரேடுதான் கேட்க வேண்டும், விலையும் அதற்கேற்ற மாதிரி இருக்கும். கையில் அவ்வளவு பணம் இல்லையென்றால் பவுடர் கோட்டிங் செய்த அலுமினியமோ யூபிவிசியோ (கெட்டியான பிளாஸ்டிக் ஃப்ரேம்) போதும், மட்டமான எஸ்.எஸ்.ஸை விட நன்றாக உழைக்கும்.

ஃப்ரேம் ஜிஐ என்று எழுதியிருந்தார்கள். வந்தது சாதாரண இரும்பு டியூப், மேலே சில்வர் பெயின்ட். வெல்டிங் செய்த இடங்களில் முதல் மழைக்கே துரு வழிந்து சுவரில் கோடு போட்டுவிட்டது. ஒன்று சொல்லிவிடுகிறேன், நிஜமான ஜிஐ டியூபாக இருந்தாலும் வெல்டிங் சூட்டில் அந்த இடத்துத் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். அங்கே துத்தநாகம் (ஜிங்க்) அதிகமுள்ள பிரைமர் அடிக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

கூரைதான் பெரிய கொடுமை. பாலிகார்பனேட் ஷீட்டில் வெயிலைத் தாங்கும் பூச்சு பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும். எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்று அதன்மேல் ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் ஃபிலிமில் அச்சடித்திருப்பார்கள். எங்கள் வீட்டுக்கு ஷீட் வந்தபோதே ஃபிலிம் இல்லை. “வண்டியில கிழிஞ்சிடுச்சு மேடம்.” ஒரு கோடை போனதும் மஞ்சள் பூத்து, ஓரத்தில் விரல் வைத்து அழுத்தினால் நொறுங்குகிற அளவுக்கு வந்துவிட்டது. பத்து வருட வாரன்ட்டி என்று சொன்னார்களே என்று கேட்டால், ஷீட் கம்பெனி பில் வேண்டுமாம். அதை எங்களிடம் கொடுத்தால்தானே?

சத்தம் வேறு. பாலிகார்பனேட் வெயிலில் நன்றாக நீளும். 10 அடி ஷீட்டுக்கு 30 டிகிரி வித்தியாசம் வந்தால் கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர். அதற்காகத் திருகாணி ஓட்டையைப் பெரிதாகப் போட்டு ரப்பர் வாஷர் வைக்க வேண்டும். இவர்கள் நேராக முடுக்கிவிட்டார்கள். காலை ஒன்பது மணிக்கு ‘டக், டக்’ என்று ஆரம்பிக்கும், வெயில் தாழ்ந்ததும் மறுபடி. ஓட்டையைச் சுற்றி விரிசல், விரிசல் வழியாக ஒழுகல். சுவரும் கூரையும் சேருகிற இடத்தில் சுவரில் காடி வெட்டித் தகடு சொருகாமல் சிலிகானை மட்டும் இழுவிவிட்டுப் போயிருந்தார்கள். வடகிழக்குப் பருவமழையில் எதற்காக மூடினோமோ அதே ஊஞ்சல் மறுபடி நனைந்தது.

வெக்கையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகலில் சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் நிற்கும். சுவர்க் கண்ணாடியை விட கூரை வாங்குகிற அடிதான் அதிகம். மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு உள்ளே மாட்டியிருந்த தெர்மாமீட்டர் 44 காட்டியது, வெளியே நிழலில் 37. சென்னையில் கோடைக்கு இருக்கிற ஒரே ஆறுதல் மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து வருகிற கடல்காற்று. இவர்கள் போட்ட ஸ்லைடிங் கதவில் பாதிதான் திறக்கும், ஆக காற்றிலும் பாதி போச்சு. மேலே சூடு வெளியேற ஒரு வழியும் வைக்கவில்லை. ஏசி மெக்கானிக் வந்து கூரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இதுக்கு ரெண்டு டன் போட்டாலும் வெயில் இறங்குற வரைக்கும் கட் ஆஃப் ஆகாது சார்” என்று, அதாவது நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும் என்று, என் கணவரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஹீட் ரிஃப்ளெக்டிவ் கண்ணாடி என்றால் எஸ்ஹெச்ஜிசி என்று ஒரு எண் கேளுங்கள். வெயிலின் வெப்பத்தில் எவ்வளவு உள்ளே வருகிறது என்பதன் கணக்கு அது. சாதாரண வெள்ளைக் கண்ணாடிக்கு 0.8 பக்கம் இருக்கும், நல்ல சோலார் கன்ட்ரோல் கண்ணாடிக்கு 0.3 பக்கம். எண்ணே தெரியாது என்கிறவரிடம் கண்ணாடி வாங்காதீர்கள்.

அந்த மே மாதமே தெற்குப் பக்கக் கண்ணாடி ஒன்று மூலையிலிருந்து விரிந்து உடைந்தது. டஃபன்ட் கண்ணாடி உடைந்தால் கற்கண்டு மாதிரிப் பொடிப்பொடியாக உதிரும். இது நீள நீளமாக, கத்தி மாதிரி ஊஞ்சல் பலகைமேல் கிடந்தது. மாமா அப்போதுதான் சாப்பிட எழுந்து போயிருந்தார். அப்புறம் மற்ற கண்ணாடிகளையும் பார்த்தோம். டஃபன்ட் செய்த கண்ணாடியில் ஒரு மூலையில் அழியாத முத்திரை இருக்க வேண்டும், ஒன்றில்கூட இல்லை. சாதா கண்ணாடியை வெட்டி மாட்டியிருக்கிறார்கள். டஃபன்ட் செய்தபின் வெட்டவே முடியாது என்பதும் நினைவிருக்கட்டும். சைட்டில் கண்ணாடியை அறுக்கிறார்கள் என்றால் அது டஃபன்ட் இல்லை.

தூண்களை டைல்ஸ் மேலேயே சின்ன ஆங்கர் போல்ட்டில் நிறுத்தியிருந்தது கழற்றும்போதுதான் தெரிந்தது. கட்டடங்கள் தாங்க வேண்டிய காற்றுச் சுமைக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 875 பகுதி 3-இல் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

புகார் சொல்ல ஆரம்பித்ததும் வழக்கமான பாட்டு. “சைட்ல இருக்கேன் மேடம், கூப்பிடுறேன்.” அப்புறம் போனையே எடுப்பதில்லை. பாக்கித் தொகையை நிறுத்தி வைத்ததும் மட்டும் உடனே ஆள் வந்தது, பெயின்ட் டப்பாவோடு. துருமேல் இன்னொரு கோட் அடித்தால் சரியாகிவிடுமாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தோம். உதவி எண்காரர்கள் புகாரை அந்த நிறுவனத்துக்கு அனுப்பினார்கள், பதில் வரவில்லை. பிறகு வக்கீல் நோட்டீஸ், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. ஆன்லைனிலேயே போடலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். “சரி பண்ணித் தர்றோம்” என்று இழுத்தடிக்கிறவர்களுக்கு இந்தக் கெடு நன்றாகத் தெரியும்.

இப்போது அந்தக் கூரையைப் பிரித்துவிட்டு, நடுவில் நுரை வைத்த பஃப் பேனல் போட்டு, இரண்டடி வெளியே நீட்டியிருக்கிறோம். கிழக்கில் கண்ணாடியே இல்லை, கொசுவலை, மழைக்கு இறக்கிவிடுகிற திரை, அவ்வளவுதான். சன்ரூம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் மதியம் உட்கார முடிகிறது.

பிரிக்கிற அன்று எப்படியோ தெரிந்துகொண்டு பழைய ஆட்களே ஆட்டோவோடு வந்து நின்றார்கள். ஷீட்டையும் பைப்பையும் அவர்களே எடுத்துக்கொண்டு 15 ஆயிரம் தருகிறார்களாம். ஒரு துண்டுகூடக் கொடுக்கவில்லை. சாட்சியே அதுதான். யாராவது பாலவாக்கம் பக்கம் இதே மாதிரி கொட்டேஷன் வாங்கி வைத்திருந்தால் தனிச் செய்தியில் அனுப்புங்கள், அதே ஆட்களா என்று பார்த்துச் சொல்கிறேன்.