ஒரே பெர்லின், இரண்டு டிரா: சென்னை 2013

2013 நவம்பரில் சென்னையில் நடந்த ஆனந்த் – கார்ல்சன் உலக செஸ் சாம்பியன்ஷிப்பில், கறுப்பு ஆடும் தொடக்க முறையான பெர்லின் டிஃபென்ஸ் நான்கு முறை வந்தது. அவற்றில் 4-வது ஆட்டமும் 8-வது ஆட்டமும் நாலாவது நகர்த்தல் வரை அச்சு அசல் ஒன்றே: வெள்ளை கோட்டை கட்ட, கறுப்புக் குதிரை இ4 சிப்பாயை வெட்டுகிறது. இரண்டுமே டிரா. ஆனால் ஐந்தாவது நகர்த்தலில் பாதை பிரிகிறது.

4-வது ஆட்டத்தில் வெள்ளையில் ஆடிய ஆனந்த் டி4 (டி வரிசைச் சிப்பாயை டி4 கட்டத்துக்கு) தள்ளினார். எட்டாவது நகர்த்தலிலேயே ராணிகள் போய்விட்டன. கறுப்பு ராஜா டி8-க்கு இழுக்கப்பட்டு, கோட்டை கட்டும் உரிமையும் போனது. சி வரிசையில் சிப்பாய்கள் ஒன்றன்முன் ஒன்றாக மாட்டிக்கொண்டன. அதற்கு ஈடு, கறுப்பிடம் இரண்டு பிஷப்புகள். ராணி இல்லையென்றால் சப்பென்று இருக்கும் என்று நினைப்பவர்கள் இந்த ஆட்டத்தைப் போட்டுப் பார்க்கலாம். 18-வது நகர்த்தலில் கார்ல்சனின் பிஷப் ஏ2 சிப்பாயைத் தின்றது. ஆனந்த் பி3 தள்ளி, பிஷப் திரும்பும் கதவைச் சாத்தினார். 1972 உலக சாம்பியன்ஷிப்பில் அமெரிக்கர் ஃபிஷர் எச்2-வில் இப்படித்தான் பிஷப்பைப் பறிகொடுத்தார். கார்ல்சனோ உடனே சி4 தள்ளி, சிப்பாய்களை மாற்றி, பிஷப்பை பி1 வழியாக வெளியே கொண்டுவந்துவிட்டார். ஒரு சிப்பாய் குறைவு. ஆனாலும் ஆனந்த் எஃப், ஜி சிப்பாய்களை முன்னேற்றி எதிர்த்தாக்குதல் தேடினார். 64 நகர்த்தல் போராடி டிரா.

8-வது ஆட்டத்தில் வெள்ளை கார்ல்சன். ஐந்தாவது நகர்த்தலில் அவர் ஆடியது யானை இ1 (யானை இ1 கட்டத்துக்கு). பலகை சமச்சீர், இ வரிசையில் யானைகள் ஒவ்வொன்றாக மாறிக் காலியாகின, பிறகு ராணிகளும் போயின. கடைசியில் இருபக்கமும் ராஜாவும் சிப்பாய்களும் மட்டுமே. 33 நகர்த்தலில் கைகுலுக்கல்.

வேலையாகப் பார்த்தால் யானை இ1 குறை சொல்ல முடியாத தேர்வு. இரண்டு புள்ளி முன்னிலையில் இருப்பவருக்கு வேறென்ன வேண்டும்? ஆபத்தே இல்லை, ஜெயிக்கும் ஆசையும் இல்லை. டி4-இல் இரண்டும் உண்டு. வெள்ளையே தோற்றிருக்கலாம் என்பதை 4-வது ஆட்டம் காட்டியது. கிளப் ஆட்டக்காரர் யாரும் கேட்டால் டி4-ஐத்தான் சொல்வேன், எண்ட்கேம் (காய்கள் குறைந்த கடைசிக் கட்டம்) படிக்கப் பொறுமை இருந்தால். மூன்றாவது வழியான, நாலாவது நகர்த்தலில் கோட்டைக்குப் பதில் ஆடும் டி3 ராணிகளைப் பலகையிலேயே வைத்திருக்கும். ஆனந்த் 6-வது ஆட்டத்தில் அதை ஆடித் தோற்றார், 7-வதில் டிரா செய்தார்.

எனக்குப் புரியாதது கறுப்பின் தேர்வுதான். பின்தங்கியிருந்த ஆனந்த் 8-வது ஆட்டத்தில் ஏன் பெர்லினையே எடுத்தார்? கறுப்பின் கூர்மையான தொடக்கமான சிசிலியன் 10-வது ஆட்டத்தில்தான் வந்தது. அதுவும் டிரா, பட்டம் அன்றே கைமாறியது.