முதுமையின் ஓய்வு நேரம்: நடையா, நடனமா, புதிரா?

பணி ஓய்வுக்குப் பின் கையில் கிடைக்கும் நேரத்தை எதில் செலவிட்டால் உடலும் மனமும் நெடுநாள் தளராதிருக்கும் என்று கேட்டால், நடந்தால் போதும் என்பதே பெரும்பாலும் விடையாக வருகிறது. நடை நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் கீழே விழுவது, நினைவு தேய்வது, தனித்துப்போவது ஆகிய மூன்றும் முதுமையில் வெவ்வேறு ஆபத்துகள். ஒவ்வொரு பொழுதுபோக்கும் இவற்றில் எதைத் தடுக்கிறது, எதைத் தொடாமல் விடுகிறது என்று பார்த்த பிறகே ஒன்றைவிட மற்றொன்று மேல் என்று சொல்ல இயலும்.

நடையின் வலு அதன் எளிமையில் இருக்கிறது. அமெரிக்காவில் 70 முதல் 89 வயது வரையிலான, உடலுழைப்புக் குறைந்த 1,635 பேரை வைத்து நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2014இல் வெளியானது. நடையை மையமாக வைத்துத் தசைப் பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்கள் 400 மீட்டர் நடக்கும் திறனை இழக்கும் வாய்ப்பு, உடல்நல வகுப்புகளுக்கு மட்டும் சென்றவர்களைவிட 18 சதவீதம் குறைவாக இருந்தது. 2011இல் வெளியான மற்றோர் ஆய்வில், வாரம் மூன்று நாள் 40 நிமிடம் என ஓராண்டு நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ், அதாவது மூளையில் நினைவைப் பதிக்கும் பகுதி, சுமார் 2 சதவீதம் பெரிதாகியிருந்தது. தசைகளை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களிடம் அதே பகுதி சிறிது சுருங்கியிருந்தது.

ஆயினும், சமதளத்தில் நேராக நடப்பது, உடல் பக்கவாட்டில் சாயும்போது சட்டென்று காலை மாற்றி ஊன்றும் திறமையைப் பெரிதாக வளர்ப்பதில்லை. அங்குதான், மெதுவான அசைவுகளைக் கொண்ட சீனப் பயிற்சியான தாய் சி முந்துகிறது. உடல் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மெதுவாக மாற்றுவதே அதன் அடிப்படை. 70 வயதைக் கடந்த, விழும் ஆபத்துள்ள 670 பேரிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வில், தாய் சி பழகியவர்கள் விழுந்த எண்ணிக்கை நீட்டல் பயிற்சி செய்தவர்களைவிட 58 சதவீதமும், வலிமை, சமநிலை, நடை எல்லாம் கலந்த பயிற்சியைச் செய்தவர்களைவிட 31 சதவீதமும் குறைவாக இருந்தது. 65 வயதுக்கு மேற்பட்டோர் வாரத்தில் குறைந்தது மூன்று நாள் சமநிலைக்கும் தசை வலிமைக்கும் உரிய பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார அமைப்பின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் கூறுகிறது. ஏற்கெனவே ஒருமுறை விழுந்தவருக்கு நான் நடையைவிடத் தாய் சியையே முதலில் பரிந்துரைப்பேன்.

நடனத்தின் நிலை சற்றுச் சிக்கலானது. நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் 75 வயதுக்கு மேற்பட்ட 469 பேரைத் தொடர்ந்து கவனித்து 2003இல் வெளியிடப்பட்ட ஆய்வில், வாசிப்பு, பலகை விளையாட்டுகள், இசைக்கருவி வாசித்தல், நடனம் ஆகிய நான்கும் மறதிநோய் வாய்ப்புக் குறைவோடு தொடர்புடையவையாகத் தெரிந்தன. உடலசைவு சார்ந்தவற்றில் நடனம் மட்டுமே அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. தாளத்தைக் கவனித்து, அடவை நினைவில் வைத்து, அருகில் ஆடுபவரோடு ஒத்துப்போக வேண்டியிருப்பதால் இது நம்பத்தக்கதாகவே தோன்றுகிறது. ஆனால் ஒரு முக்கிய எச்சரிக்கை உண்டு. மறதிநோய் கண்டறியப்படுவதற்குச் சுமார் ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்களின் உடலசைவு குறையத் தொடங்குகிறது என்று பிரிட்டன் அரசு ஊழியர்களை 28 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2017இல் காட்டியது. ஆகவே ஆடாததால் நோய் வந்ததா, நோய் உள்ளே தொடங்கியதால் ஆட்டம் நின்றதா என்பதை இத்தகைய ஆய்வுகளால் முழுமையாகப் பிரித்தறிய முடியாது. நடனத்தை மருந்தென்று விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை, சொல்லியாக வேண்டும்.

குறுக்கெழுத்து, சுடோகு போன்ற புதிர்களுக்கும் புதிய கலை ஒன்றைக் கற்பதற்கும் இடையிலான போட்டியில் என் சார்பு தெளிவானது. முதியோர் 2,832 பேரிடம் நடத்தப்பட்ட ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், நினைவுப் பயிற்சி நினைவையும், தர்க்கப் பயிற்சி தர்க்கத்தையும் வளர்த்தன. ஒன்றின் பயன் மற்றொன்றுக்குப் பெரிதாகப் பரவவில்லை. பல ஆண்டுகளாகப் பழகிய புதிரைத் தினமும் நிரப்புவதும், ஏறத்தாழ இப்படித்தான், அந்தப் புதிரில் தேர்ச்சியையே தரும். மாறாக, 60 முதல் 90 வயது வரையிலான 221 பேர் பங்கேற்று 2014இல் வெளியான ஆய்வில், டிஜிட்டல் ஒளிப்படக் கலையை வாரம் சுமார் 15 மணி நேரம் வீதம் மூன்று மாதம் புதிதாகக் கற்றவர்களின் நினைவாற்றல் மேம்பட்டது. கூடிப் பேசி, விளையாடி, வெளியே சென்றுவந்த மற்றொரு குழுவினரிடம் அந்த அளவு மேம்பாடு தென்படவில்லை. கற்றலில் ஏற்படும் திணறலே அங்கு வேலை செய்கிறது எனலாம்.

இதைக் கொண்டு நட்புக் கூடுகைகள் பயனற்றவை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 148 ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியான பகுப்பாய்வில், வலுவான சமூக உறவுகள் உள்ளவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகமாக இருந்தது. கூடுகை நினைவாற்றலைக் கூர்மையாக்காவிட்டாலும், வராத நாளில் ஏன் வரவில்லை என்று விசாரிக்க ஆள் இருப்பது தனித்து வாழும் முதியவருக்குப் பெரும் காப்பு. தொலைக்காட்சியால் இது எதுவும் கிடைப்பதில்லை. நாளுக்கு 3.5 மணி நேரத்துக்கு மேல் அதைப் பார்த்தவர்களிடம் சொல் நினைவு கூடுதலாகக் குறைந்திருந்ததை இங்கிலாந்து ஆய்வு ஒன்று 2019இல் பதிவுசெய்தது.

எனவே ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையில் இருப்பவர், குழுவாகக் கற்றுக்கொடுக்கப்படும் நடனத்தையோ தாய் சியையோ தேர்ந்தெடுக்கலாம். உடல், கற்றல், துணை ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கிடைப்பவை அவையே. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு நீருக்குள் செய்யும் பயிற்சி தாங்கக்கூடியதாக இருக்கும். கேட்கும் திறன் குறைந்தவர் இரைச்சலான பெருங்கூட்டத்தில் களைத்து, சில வாரங்களில் விலகிவிட நேரும். அவருக்கு எதிரில் ஒருவர் மட்டும் அமரும் சதுரங்கமே பொருத்தமானது. அதனோடு நாள்தோறும் நடையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.