கோபால்ட்-57 தகடு: வாங்குங்கள், வந்த வாரமே நம்பிவிடாதீர்கள்

நோயாளியின் உடலில் செலுத்திய கதிரியக்க மருந்திலிருந்து வரும் கதிர்களைப் படமாக்குவது காமா கேமரா. அதன் முகப்பில், துளை வழியே நேராக வரும் கதிர்களை மட்டும் உள்ளே விடும் ஈயச் சல்லடைதான் காலிமேட்டர். அந்தக் காலிமேட்டர்களைச் சரிபார்க்க எங்கள் ஸ்கேன் மையத்தில் இப்போது இருப்பது, பரப்பு முழுவதும் சீராகக் கதிர்வீசும் கோபால்ட் தகடு; இது இரண்டாவது. முதல் தகடு வலுவிழக்கும்வரை கூடவே இருந்து பார்த்த டெக்னீஷியன் என்ற முறையில் எழுதுகிறேன்.

இதே சோதனைக்குப் பயன்படும் கதிரியக்க நீர்ப் பெட்டியான தண்ணீர் ஃபாண்டத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் தகட்டின் அருமை தெரியும். அக்ரிலிக் பெட்டியில் நீர் நிரப்பி, டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளைக் கலந்து, சீராகப் பரவும்வரை ஆட்ட வேண்டும். எத்தனை கவனமாக நிரப்பினாலும் ஒரு காற்றுக்குமிழ் ரசமட்டத்தில் ஓடுவதுபோல் மூலைக்கு மூலை ஓடும். கலக்குகிற கைக்குக் கதிர்வீச்சு வேறு. திருகு சற்றே தளர்ந்து ஒரு சொட்டு காலிமேட்டரில் விழுந்தால் அன்றைய வேலை கெட்டது. டெக்னீசியத்தின் அரை ஆயுட்காலம் (கதிர்வீச்சு பாதியாகக் குறையும் காலம்) 6 மணி நேரமே என்பதால் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலக்க வேண்டும். தகட்டில் இந்தத் தொல்லைகள் இல்லை. ஈயப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தோமா, அறையை விட்டு வெளியே வந்தோமா என்று முடிந்துவிடும். கேமரா எண்ணிக்கொள்ளும் கதிர்களின் ஆற்றல் வரம்பான ஆற்றல் சாளரத்தை மட்டும் 122 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மாற்ற மறக்கக்கூடாது. டெக்னீசியத்துக்குரிய 140-இல் விட்டுவிட்டால் 20 சதவீதச் சாளரம் 126-இல்தான் தொடங்கும். கோபால்ட்டின் உச்சி அதற்கு வெளியே நிற்கும்.

இனி குறை. புதுத் தகட்டை வைத்து எடுத்த முதல் படத்திலேயே, சீராக இருக்க வேண்டிய பரப்பில் ஒரு கறை தெரிந்தது. தகட்டை 90 டிகிரி திருப்பிப் பார்ப்பது வழக்கம். கறை தகட்டோடு சேர்ந்து திரும்பினால் குறை தகட்டில் இருக்கிறது என்று பொருள். எங்கள் கறை அசையவில்லை. காலிமேட்டரைக் கழற்றிவிட்டு, சிரிஞ்சில் துளி டெக்னீசியத்தைத் தள்ளி வைத்து எடுத்தோம். கதிர்களைப் பிடிக்கும் டிடெக்டரில் எந்தக் குறையும் இல்லை. பழி முழுவதும் குறைந்த ஆற்றல் கதிர்களுக்கான காலிமேட்டரின் தலையில் விழுந்தது. வந்திருந்த சேவைப் பொறியாளர் மாற்றுக் காலிமேட்டருக்கு விலை சொல்லவே தொடங்கிவிட்டார்.

ஓரமாகக் கிடந்த பழைய தகட்டை அதே காலிமேட்டரில் வைத்து, பொறுமையாகக் கதிர்களின் எண்ணிக்கை சேர்த்தபோது படம் ஒழுங்காக வந்தது. காரணம் இதுதான்: புதிய தகட்டில் கோபால்ட்-56, கோபால்ட்-58 ஆகியவை மாசாகக் கலந்திருக்கும். அவற்றின் உயர் ஆற்றல் கதிர்கள் காலிமேட்டரின் மெல்லிய ஈயச் சுவர்களை மதிக்காமல் ஊடுருவி வருகின்றன. தகட்டைச் சற்று உயர்த்தி வைத்தால் ஊடுருவும் கதிர்கள் குறையும். துளை வழியே முறையாக வருபவை பெரிதாகக் குறையாது. உயர்த்தினோம், கறை மங்கியது. மாசுகளின் அரை ஆயுட்காலம் 70 முதல் 80 நாட்களுக்குள். ஆறு மாதத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகிவிடும். விற்ற முகவர் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. அந்தக் கறைப் படத்தையே, நோயாளிகளின் படங்களைச் சரிசெய்யும் திருத்த வரைபடமாகச் சேமித்திருந்தால், நல்ல காலிமேட்டருக்கு இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்த கதையாகி, ஸ்பெக்ட் படங்களில் (கேமராவைச் சுற்றவிட்டு எடுக்கும் குறுக்குவெட்டுப் படங்கள்) வளையம் வளையமாக வெளிப்பட்டிருக்கும்.

அதனால் பழைய தகடு முழுதும் ஓய்வதற்குள் புதியதை வாங்கிவிடுங்கள். கோபால்ட்-57-இன் அரை ஆயுட்காலம் 272 நாட்கள். புதிதில் கால் மணி நேரத்தில் சேரும் 3 கோடி எண்ணிக்கைக்கு இரண்டு ஆண்டு கழித்து ஒன்றரை மணி நேரம் ஆகும். காலை ஏழு மணிக்கு வரிசையில் நோயாளிகள் காத்திருக்கும்போது அந்தக் கணக்கு நன்றாகவே உறைக்கும்.

தகடு எல்லாவற்றுக்கும் ஆகாது. கேமரா சுற்றும் மையம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் சுழற்சி மையச் சோதனைக்குப் புள்ளியளவிலான கதிர் மூலங்கள்தான் வேண்டும்; அதையும் ஒவ்வொரு காலிமேட்டருக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். அயோடின்-131-இன் 364 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர் உயர் ஆற்றல் காலிமேட்டரின் சுவரை எவ்வளவு ஊடுருவுகிறது என்பதையும் கோபால்ட்டின் இந்த 122 காட்டிக்கொடுக்காது. சீர்மைக்கு மட்டும் என்றால் கொடுத்த காசுக்குத் தகும்.

வாங்கும்போது இரண்டை எழுத்தில் கேளுங்கள்: தகட்டின் மாசு அளவு, வலுவிழந்த தகட்டை அவர்களே திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்பது. இரண்டாவதற்கு எங்கள் முகவர் இன்னும் பதில் தரவில்லை. பழைய தகடு ஈயப் பெட்டியில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது.