சேற்றில் கிடக்கும் பாதரசக் கணக்கு: மூக்கனேரியா, மேட்டூரா, ஏற்காடா?

நிலக்கரி எரியும்போது ஆவியாகிப் போகும் பாதரசம் காற்றில் பல மாதங்கள் அலைந்து, மழையோடும் உதிரும் இலையோடும் தரைக்கு வந்து, ஓடை வழியே ஏரியின் அடியில் அடங்குகிறது. அங்கே களிமண்ணோடும் மக்கிய தழையோடும் ஒட்டிக்கொண்ட பிறகு அது பெரும்பாலும் இடம் மாறுவதில்லை. ஆகவே அடிச்சேற்றில் குழாயைச் செலுத்தி, அடுக்குக் குலையாத வண்டல் தூணாக வெளியே எடுத்து, ஒவ்வொரு சென்டிமீட்டராக அறுத்துச் சோதித்தால், மேலிருந்து கீழாகக் காலத்தைப் பின்னோக்கிப் படிக்கலாம். ஆலைகளே இல்லாத தொலைதூர ஏரிகளிலும் 1850-க்கு முன்பு இருந்ததைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு பாதரசம் இன்று படிகிறது என்பது இப்படித் தெரியவந்ததுதான். பெரு நாட்டின் உவாங்கவெலிகா மலையில், இன்கா அரசுக்கு வெகு முன்பே, கி.மு. 1400 அளவிலேயே பாதரசத் தாதுவான சாதிலிங்கத்தை வெட்டி எடுத்தார்கள் என்பதையும் அங்குள்ள ஏரிச்சேறே காட்டிக்கொடுத்தது.

சேலம் வட்டாரத்தில் இந்தக் கணக்கை எடுக்க நினைப்பவர் முன்னால் மூன்று நீர்நிலைகள் நிற்கின்றன: கன்னங்குறிச்சி மூக்கனேரி, மேட்டூர் அணை, ஏற்காட்டு ஏரி. எந்தக் கருவியால் அளப்பது என்பதைவிட, குழாயை எங்கே இறக்குவது என்பதுதான் இங்கே முடிவைத் தீர்மானிக்கும் என்பது என் கருத்து.

மூக்கனேரியை முதலில் தள்ளிவிடலாம். சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும் நீர் வந்து சேரும் இடம், நகரத்தின் புகையும் சாக்கடையும் தொடும் இடம் என்று பார்த்தால் அதைவிடப் பொருத்தமானது வேறில்லை என்று தோன்றும். ஆனால் 2010-இல் மக்கள் கூடி அந்த ஏரியை மீட்டபோது, தோண்டிய சேற்றைக் கொண்டே நடுவில் மண் திட்டுகளை எழுப்பினார்கள். ஏரிக்கு அது உயிர் கொடுத்தது, பறவைகள் வந்தன, கால வரிசை மட்டும் தலைகீழாகிவிட்டது. இதை மூக்கனேரியின் குறையாகச் சொல்ல மாட்டேன், ஏனெனில் நம் சமவெளி ஏரிகள் எல்லாமே தூர் வாரப்படுவதற்கென்றே கட்டப்பட்டவை. கோடையில் வண்டலை வண்டியில் ஏற்றி வயலுக்கு அடிப்பது குடிமராமத்துக் காலத்திலிருந்து வரும் வழக்கம். ஆண்டுதோறும் அழிக்கப்படும் பலகையில் பழைய எழுத்தைத் தேடுவதில் பயனில்லை.

மேட்டூர் அவ்வளவு எளிதில் ஒதுக்கத்தக்கது அன்று. 1934-இல் கட்டி முடிந்த அணை என்பதால் அதன் சேற்றுக்கு அடி எல்லை உண்டு: வண்டல் முடிந்து, மூழ்கிய ஊர்களின் பழைய வயல் மண் தொடங்கும் இடம் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதற்கு ஆய்வகமே வேண்டாம். மற்ற இரண்டு ஏரிகளும் இந்த வசதியைத் தருவதில்லை. இருந்தாலும் மூன்று தடைகள் இருக்கின்றன. நீர்மட்டம் 120 அடியிலிருந்து சரியும் ஆண்டுகளில் பண்ணவாடியில் நந்தி சிலையும் பழைய கிறித்தவக் கோயில் கோபுரமும் வெளியே தெரியும் காட்சியை இந்தப் பக்கத்தார் அனைவரும் பார்த்திருப்பார்கள். அப்படிக் காய்ந்த நிலத்தில் வெடிப்பு விடுகிறது, உழுது பயிர் வைப்பதும் உண்டு. ஆகவே என்றும் நீர் வற்றாத பழைய ஆற்றுப் பள்ளத்தில் மட்டுமே குழாய்க்கு வேலை. அடுத்து, காவிரி வெள்ளம் ஒரே பருவத்தில் கொண்டுவந்து கொட்டும் மண், பாதரசத்தை நீர்க்கச் செய்து உண்மை அளவைச் சிறிதாகக் காட்டிவிடும். எல்லாவற்றையும்விட, மேட்டூரின் இரசாயன ஆலைகள் பெரும்பாலும் அணைக்குக் கீழ்ப்புறம் இருப்பதால், அவற்றின் கழிவுநீரின் வரலாற்றை அணைக்கு மேலே உள்ள சேற்றில் தேடுவது முகவரி தவறிய கடிதத்துக்குக் காத்திருப்பதாகும்.

மிஞ்சுவது ஏற்காடு. ஏரியும் காடும் சேர்ந்தே ஊரின் பெயரானது என்பார்கள். ஆய்வுக்கும் அந்த இரண்டுமே வேண்டும். சிறிய நீர்ப்பிடிப்பு, ஆண்டு முழுதும் நீர், பெரிய ஆறு எதுவும் வந்து கலக்காத நிலை ஆகியவற்றால், இங்கே படிவதில் பெரும்பங்கு வானத்திலிருந்து வந்ததாகவே இருக்கும். மேற்கே மேட்டூர் அனல் மின் நிலையம் 1987-இல் இயங்கத் தொடங்கியது. புகையில் உள்ள பாதரசத்தில் தனிம ஆவி உலகைச் சுற்றப் போய்விடும். சாம்பலோடு ஒட்டியதும் ஆக்சிஜனேற்றம் அடைந்ததும் அருகிலேயே விழும். தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் புகையை மலைப்பக்கம் தள்ளும் என்பதால், 1987-க்குப் பிந்திய அடுக்குகளில் திடீர் ஏற்றம் இருக்கிறதா, உலகம் முழுதும் காணும் மெதுவான ஏற்றம் மட்டும்தானா என்ற கேள்வியை ஏற்காட்டுச் சேற்றிடம் கேட்க முடியும். கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட பாதரச வெப்பமானி ஆலையைப் போல ஒரே மூலம் இங்கே இல்லாதது, இந்தக் கேள்விக்கு ஒரு வகையில் நன்மையே.

காலத்தைக் குறிக்கவும் இரண்டு வழிகள் போட்டியிடுகின்றன. கதிரியக்கப் பொருளான சீசியம்-137, அணுகுண்டுச் சோதனைகளின் தூசி விழுவது உச்சம் தொட்ட 1963-ஐச் சேற்றில் ஒரு கோடாகக் காட்டும். ஆனால் அதன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறையும் காலம், 30 ஆண்டு என்பதால் அன்று விழுந்ததில் கால்பங்கே இன்று மிச்சம், அதுவும் நம் போன்ற வெப்ப மண்டலத்தில் தொடக்கத்திலேயே குறைவாகத்தான் விழுந்தது. 22 ஆண்டு அரை ஆயுள் கொண்ட கதிரியக்க ஈயம்-210 மழையோடு தொடர்ந்து வந்துகொண்டே இருப்பதால் அதையே முதன்மையாகக் கொள்வேன். அதுவும் சுமார் 150 ஆண்டுக்கு மேல் எட்டாது. கலெக்டர் காக்பர்ன் 1820-களில் காப்பி கொண்டுவந்த காலம் அதற்கு அப்பால் நின்றுவிடும்.

அந்தக் காப்பித் தோட்டங்களே இன்னொரு சிக்கல். காட்டை வெட்டினால், மண்ணில் ஏற்கெனவே சேர்ந்திருந்த பாதரசம் மழையில் அரித்து ஏரிக்கு வரும். புதிய மாசு எதுவும் இல்லாமலே வரைபடம் மேலே ஏறும். ஒரு கிராம் சேற்றில் எவ்வளவு என்று மட்டும் பார்ப்பவர் இதில் ஏமாறுவார். ஒரு சதுர மீட்டரில் ஆண்டுக்கு எவ்வளவு படிந்தது என்று பார்ப்பவர் பாதி தப்புவார். மண் அரிப்பைக் கழிக்க, பாதரசத்தின் அளவை மண்ணோடு வரும் அலுமினியத்தின் அளவால் வகுத்துப் பார்ப்பது ஆய்வகங்களின் வழக்கம். பாக்சைட் வெட்டியெடுத்த மலையில் அந்த அலுமினியமே சந்தேகத்துக்குரிய சாட்சி. இங்கே அதேபோல் மண்ணோடு வரும் டைட்டானியத்தாலும் தனியே வகுத்து, இரண்டும் ஒத்துப்போகும் அடுக்குகளை மட்டுமே நம்ப வேண்டும்.

சேற்றுக்குப் பதிலாகத் தேக்கு மரத்தின் ஆண்டு வளையங்களைப் படிக்கலாம் என்போரும் உண்டு. இலை வழியே நுழையும் பாதரசம் மரத்துக்குள் ஒரு வளையத்திலிருந்து அடுத்ததற்கு நகரக்கூடும் என்பதால், அதைத் துணைச் சான்றாக மட்டுமே ஏற்பேன்.

அளவிடும் முறையில் தயக்கத்துக்கு இடமில்லை. அமிலத்தில் கரைப்பதைவிட, காய்ந்த சேற்றை நேரடியாக எரித்து, வரும் ஆவியைத் தங்கத்தில் பிடித்து அளக்கும் கருவியே மேல். பாதரசம் பட்டால் தங்கம் வெளுத்துப்போகும் என்பதை அறிந்த நகைப்பட்டறைக்காரருக்கு அதன் தத்துவத்தை விளக்கவே வேண்டாம்.

ஏற்காட்டு ஏரியும் கைபடாததன்று. படகுகள் அடியைக் கலக்குகின்றன. விடுதிகளின் கழிவுநீர் பாசியைப் பெருக்குகிறது. பாசி பாதரசத்தை நீரிலிருந்து வாரி அடிக்குக் கொண்டுபோகிறது. ஆகவே படகுத் துறையிலிருந்து விலகிய ஆழமான இடத்தில் இரண்டு தூண்கள் எடுத்து, அவை ஒன்றோடொன்று ஒத்துப்போன பிறகே மேட்டூரின் பழைய ஆற்றுப் பள்ளத்தில் மூன்றாவதை எடுப்பது சரி. 1987-இன் ஏற்றம் மலையிலும் அணையிலும் ஒரே ஆழக் கணக்கில் அன்றி, ஒரே ஆண்டுக் கணக்கில் தெரிந்தால் அந்தப் புகைபோக்கியைப் பற்றிப் பேசலாம். மலையில் மட்டும் தெரிந்தால் முதலில் தோட்டங்களின் மண்ணைத் தோண்டிப் பார்க்க வேண்டும்.