மாடலைத் தேர்ந்தெடுக்க நான்கு மாதம், பைக்கைப் பார்க்கக் கால் மணி நேரம்

கொழும்பில் பாவித்த அட்வென்ச்சர் பைக் ஒன்றை வாங்கத் தேடிக்கொண்டிருப்பவர்கள், முற்பணம் கொடுப்பதற்கு முன்பு இதை வாசித்துவிடுங்கள். விற்றவரின் பெயரையும் இடத்தையும் எழுத வேண்டாம் என்று சட்டத்தரணி சொல்லியிருப்பதால் எழுதவில்லை. புறநகரில், பிரதான வீதியோரம், பத்துப் பன்னிரண்டு மோட்டார் சைக்கிள்களைத் துடைத்துப் பளபளப்பாக நிறுத்தி வைத்திருக்கும் ஒரு விற்பனை நிலையம் என்பது போதும். அப்படி நேர்மையாகத் தொழில் செய்பவர்களும் இருக்கிறார்கள். நான் போய் விழுந்த இடம் அதுவல்ல.

என் வீடு கொட்டாஞ்சேனையில், வேலை இராஜகிரியவில். ஆமர் வீதிச் சந்தி, பஞ்சிகாவத்தை, மருதானை, பொரளை என்று காலை எட்டு மணிக்கு ஊர்ந்து போகிற பாதை. 2022 ஜூலையில் பெற்றோல் தட்டுப்பாட்டுக்குக் கியூஆர் பங்கீட்டு முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் கொடுத்தார்கள். அந்த நான்கு லீற்றரில் வேலைக்கும் போய், ஞாயிற்றுக்கிழமை மாமி வீட்டுக்கும் போய் வந்த அன்றே கார்க் கனவை மூட்டை கட்டிவிட்டேன். இனி இரண்டு சில்லுதான், ஆனால் நல்லதாக ஒன்று என்று முடிவு செய்தேன். கிழமை நாட்களில் அலுவலகம், மாதம் ஒரு முறையாவது மலைநாடு.

நான்கு மாதம் படித்தேன். எனக்கு உயரம் ஐந்தடி ஐந்தங்குலம். கேடிஎம் 390 அட்வென்ச்சரின் இருக்கை 855 மில்லிமீற்றர். பொரளைச் சந்தியில் நிமிடத்துக்கு ஒரு தடவை கால் ஊன்ற வேண்டிய எனக்கு அது பரதநாட்டியம். பிஎம்டபிள்யூ ஜி 310 ஜிஎஸ் 835, அதன் தாங்கியும் 11 லீற்றர்தான். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 இலகுவானது, நெரிசலுக்கு நல்லது, ஆனால் பின்னால் மனைவியும் பையும் ஏறினால் கினிகத்தேனை ஏற்றத்தில் மூச்சு வாங்கும் என்று பட்டது. ரோயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 411 வந்து மனதில் உட்கார்ந்தது இப்படித்தான். இருக்கை 800 மில்லிமீற்றர், தாங்கி 15 லீற்றர், முன்சில்லு 21 அங்குலம், நிலத்திலிருந்து 220 மில்லிமீற்றர் இடைவெளி. வெறும் 24 குதிரைவலுதானே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: இந்த நாட்டில் அதிவேக நெடுஞ்சாலைக்குள் மோட்டார் சைக்கிளை விடுவதில்லை. மணிக்கு 130 ஓடுகிற பைக்கை வைத்துக்கொண்டு ஏ4 வீதியில் பஸ்ஸுக்குப் பின்னால் நிற்பதற்கு எதற்கு அவ்வளவு வலு? கீழ் வேகத்தில் இழுக்கிற 32 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசைதான் மலையில் உதவும். ஏறத்தாழ 195 கிலோ என்கிற நிறையை மட்டும் நினைத்துக் கொஞ்சம் பயந்தேன்.

இந்தத் தேர்வு பிழை என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. ஆனால் அதில் செலவழித்த அறிவில் பத்தில் ஒரு பங்கைக்கூட எனக்கு முன்னால் நின்ற அந்த ஒரு பைக்கைப் பார்ப்பதில் செலவழிக்கவில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 தொடக்கத்தில்தான். நான் வாங்கியது 2024 ஓகஸ்டில். புதியது கிடையாது, பழையது தங்கத்தின் விலை. 2019 ஆம் ஆண்டுப் பைக், 11,240 கிலோமீற்றர், ஒரே உரிமையாளர் என்று விளம்பரத்தைக் கண்டதும் என் கை நடுங்கியது. மற்றவர் முந்திவிடுவார் என்கிற அவதி. அந்த அவதியை வைத்துத்தான் அவர்கள் பிழைக்கிறார்கள்.

ஓகஸ்ட் 10, சனிக்கிழமை. பத்து மணிக்கு வருகிறேன் என்று விற்பனை நிலையக்காரரிடம் சொல்லியிருந்தேன். நான் பேசிய சிங்களத்தைக் கேட்டதும் அவர் சிரித்துக்கொண்டு தமிழுக்கு மாறினார். "தம்பி எந்த ஊர்?" அம்மா வழி மட்டக்களப்பு என்றேன். தானும் போன கிழமைதான் மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போய்விட்டு வந்ததாகச் சொன்னார். அவ்வளவுதான், நான் பாதி விழுந்துவிட்டேன். மீதிப் பாதியை என் படிப்பே தள்ளிவிட்டது. இருக்கை உயரம், முறுக்குவிசை என்று நான் சொல்லச் சொல்ல, "உங்களுக்குத் தெரியாததையா நான் சொல்லப்போகிறேன் தம்பி" என்று தலையாட்டினார். ஒரு மணி நேரம் மாடலைப் பற்றித்தான் பேசினோம். பைக்கைச் சுற்றி நடந்தது கால் மணி நேரம்.

இயந்திரம் தொட முடியாத சூட்டில் இருந்தது. கழுவிவிட்டு ஈரம் காய்வதற்காக ஓடவிட்டதாகச் சொன்னார். காப்புறுதி முடிந்துவிட்டது, சந்தியில் பொலிஸ் நிற்கிறது, ஒழுங்கைக்குள் ஓட்டிப் பாருங்கள் என்றார். ஒழுங்கையில் வேகத்தடைகள், முப்பதைத் தாண்டவில்லை. பின்டயரின் பக்கவாட்டில் 4822 என்ற நான்கு இலக்கம் இருந்ததைக் கண்ணால் கண்டேன். 2022 ஆம் ஆண்டின் 48ஆவது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும்! பைக்கோடு வந்த டயர் தேய்ந்து முடிந்து, பிறகு போட்ட டயரும் பாதி தேய்ந்திருக்கிறது, ஆனால் ஓடியது 11,240 மட்டும் என்றால் கணக்கு எங்கேயோ இடிக்கிறது. அந்த இடத்தில் நின்று யோசித்திருக்க வேண்டும். நான் பைக்கிலுள்ள திசைகாட்டி வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

காசு கைமாறியதும் ஒரு தாளை நீட்டினார். முழுவதும் சிங்களத்தில். நான் சிங்களம் தண்ணீராகப் பேசுவேன். வாசிப்பதென்றால் எழுத்துக்கூட்ட வேண்டும். ஒரு மணி நேரம் தமிழில் பேசிய மனிதரிடம், இதை வாசித்துச் சொல்லுங்கள் என்று கேட்க வெட்கமாக இருந்தது. கையொப்பம் வைத்தேன்.

திங்கட்கிழமை காலை, ஆறியிருந்த இயந்திரத்தை முதல் தடவையாக இயக்கினேன். தகரப் பேணிக்குள் ஆணிகளைப் போட்டு உலுக்கியது போல ஒரு சத்தம். பின்னால் நீலப் புகை, மாடிப்படி வரைக்கும். கீழ் வீட்டு அன்ரி சன்னலைச் சாத்தினார். இரண்டு நிமிடத்தில் சத்தமும் புகையும் அடங்கிவிட்டன; சூடானால் அடங்கிவிடும் நோய் அது. அவர் பத்து மணிக்கு முன்பே அதை ஏன் ஓடவிட்டார் என்பது அப்போதுதான் விளங்கியது.

இருந்தாலும் மனம் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய பைக் என்றால் இதெல்லாம் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அடுத்த ஞாயிறு தனியாக கித்துல்கலைக்குப் புறப்பட்டேன். அவிசாவளை வரை குறையில்லை. ஏ7 வீதியில் வளைவுகள் தொடங்கியதும், நேராக இருக்கும் ஹேண்டில் வளைவுக்குத் திரும்ப மறுத்தது. கொஞ்சம் அழுத்தினால் சட்டென்று தேவைக்கு மேல் திரும்பியது. எட்டியாந்தோட்டைக்கு அப்பால் மழை. ஓர் இறக்கத்தில், 60 கிலோமீற்றர் வேகத்தில், ஹேண்டில் என் கைக்குள்ளேயே இடமும் வலமுமாக அடித்தது. எதிரே வந்த லொறிச் சாரதி ஒலி எழுப்பியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தி, பிளேன்டீ ஆறும் வரை கோப்பையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். திரும்பி வந்தது முப்பதில்.

அடுத்த நாள் பஞ்சிகாவத்தையில் ஒரு மெக்கானிக் பாஸிடம் கொண்டுபோனேன். தினமும் நான் கடந்து போகிற தெரு. வாங்குவதற்கு முன்பு அவரை அழைத்துப்போக எனக்குத் தோன்றவில்லை. அவர் பைக்கை நடு ஸ்டாண்டில் ஏற்றி, பின்பக்கத்தை அழுத்தி, முன்சில்லை நிலத்திலிருந்து கிளப்பினார். இரண்டு விரல்களால் ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினார். நேராக வருகிற இடத்தில் அது டக்கென்று ஒரு குழிக்குள் விழுந்தது போல நின்றது. என்னையும் செய்யச் சொன்னார். விரலுக்கு அந்தக் குழி நன்றாகத் தெரிந்தது. கழுத்து பேரிங்கில் பள்ளம், முன்னால் பலமாக இடிபட்டால் இப்படி ஆகும் என்றார்.

பிறகு ஒரு துணியில் தின்னரைத் தோய்த்து, ஹேண்டில் முழுவதும் திரும்பும்போது முட்டி நிற்கிற, சட்டகத்தின் கழுத்திலுள்ள இரும்புக் கட்டையைத் தேய்த்தார். கறுப்பு பெயின்ற் கரைந்து வந்தது. அதன் அடியில் தோசைக்கல்லில் சிந்திக் காய்ந்த மாவு போலப் புடைத்துக்கொண்டு ஒரு வெல்டிங் தழும்பு. தொழிற்சாலையில் போட்ட வெல்டிங் பக்கத்திலேயே இருந்தது, ஒழுங்காக, வரிவரியாக. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் குழந்தைக்கும் வித்தியாசம் தெரியும். கட்டை முறிந்திருக்கிறது, ஒட்டியிருக்கிறார்கள். முன் அதிர்வுதாங்கிக் குழாய்களைக் கழற்றிக் கண்ணாடிப் பலகையில் உருட்டினார். ஒன்று சீராக உருண்டது. மற்றது தத்தித் தத்திப் போனது. சங்கிலிப் பற்சில்லின் பற்கள் கொக்கியாக வளைந்திருந்தன. பிரேக் தட்டின் விளிம்பில் நகம் மாட்டுகிற அளவுக்குப் படி. "மல்லி, இது பதினொராயிரம் ஓடிய பைக் இல்லை" என்றார். வாங்கும் முன்பு அழைத்திருந்தால் ஆயிரம் ரூபாயும் ஒரு தேநீரும் போதுமாயிருந்திருக்கும் என்றும் சொன்னார். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

சட்டகத்தை மாற்றிவிடலாமே என்று கேட்டேன். அந்தக் கழுத்தில்தான் சட்டக இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கிறது. மாற்றினால் பதிவுச் சான்றிதழோடு பொருந்தாது. பிறகு மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அலைய வேண்டியதுதான்.

பதிவுச் சான்றிதழில் இருந்த பெயர் கண்டி, கட்டுகஸ்தோட்டையில் ஒருவருடையது. ஓபன் பேப்பர் என்கிறோமே, அதுதான்: அவர் எப்போதோ கையொப்பமிட்டுக் கொடுத்த வெற்றுப் படிவம் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்திருந்தது. கண்டி நண்பன் ஒருவன் மூலம் அவருடைய தொலைபேசி இலக்கத்தைத் தேடிப் பிடித்தேன். பைக் இலக்கத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அது இன்னும் ஓடுகிறதா?"

2023 இல் ஹக்கலைக்குப் பக்கத்தில் மதகுச் சுவரில் மோதியிருக்கிறார். காப்புறுதி நிறுவனம் முழுச் சேதம் என்று பணத்தைக் கொடுத்துவிட்டுப் பைக்கை எடுத்துக்கொண்டது. அதன் பிறகு யார் வாங்கினார்கள் என்று அவருக்குத் தெரியாது. அப்போதே மீற்றரில் 38,000க்கு மேல். இப்போது பைக்கில் இருக்கிற மீற்றர் அவருடையது அல்ல. அவருடையதில் கண்ணாடி வெடித்திருந்ததாம். நல்ல மனிதர். என் கால் கை சுகமாக இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டார்.

விற்றவரிடம் போனேன். கத்தவில்லை, மறுக்கவும் இல்லை. "தம்பி, என்னையும் ஏமாற்றிவிட்டார்கள்" என்றார். பார்த்துச் செய்வோம், ஜனாதிபதித் தேர்தல் முடியட்டும். செப்டெம்பர் 21 முடிந்தது. தீபாவளி வியாபாரம் முடியட்டும். அதுவும் முடிந்தது. பொதுத் தேர்தல் முடியட்டும். நவம்பர் 14உம் முடிந்தது. இடையில் இரண்டு தடவையாக 60,000 ரூபாய் தந்தார், அதனால் நம்பிக்கை அறவில்லை. ஒரு தடவை, பெயின்ற்றை நன்றாக அடித்து வேறு யாருக்காவது தள்ளிவிடுங்கள், ஆள் நானே பிடித்துத் தருகிறேன் என்றும் சொன்னார்.

நவம்பர் 19 அன்று வொக்ஸ்ஹோல் வீதியிலுள்ள நுகர்வோர் விவகார அதிகாரசபைக்குப் போனேன். அங்கிருந்த பெண் அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, வாங்கிய திகதியைப் பார்த்தார். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, விற்ற நாளிலிருந்து 3 மாதங்களுக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்திருக்க வேண்டும். எனக்கு ஒன்பது நாள் பிந்திவிட்டது. அந்த 60,000 ரூபாய் எதற்கு என்பது அப்போது விளங்கியது.

மிச்சத்தைச் சட்டத்தரணி விளக்கினார். அந்தச் சிங்களத் தாளில், விற்பவர் என்ற இடத்தில் கட்டுகஸ்தோட்டைக்காரரின் பெயர் இருக்கிறது. எனக்குப் பைக் விற்றவர் அதில் சாட்சி மட்டும். "உள்ளது உள்ளபடி பரிசோதித்துத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்பது நான் கையொப்பமிட்ட வரி. ஆக, என்னை ஒருபோதும் சந்திக்காத ஒருவர் எனக்கு விற்றிருக்கிறார், நான் திருப்தியடைந்திருக்கிறேன். கோரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்கிறோம். பதில் இல்லை.

பைக் மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. குழாய்களையும் பேரிங்கையும் மாற்றினேன். ஒட்டிய கழுத்தை நம்பி மலைக்குப் போக மனம் வரவில்லை, மனைவியை ஏற்றவும் மாட்டேன். இப்போது வேலைக்கு 176 பஸ். பாகங்களாகவாவது யாராவது எடுக்கட்டும் என்று போன மாதம் விளம்பரம் போட்டேன். முதல் படமாக அந்த வெல்டிங் தழும்பை வைத்து, நடந்ததைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதியிருக்கிறேன். இதுவரை மூன்று பேர் அழைத்தார்கள். மூன்றாமவர் வாங்க வந்தவர் அல்ல, விற்பனை நிலையம் வைத்திருப்பவர். "அண்ணா, அந்த முதல் படத்தை மட்டும் எடுத்துவிடுங்கள், ஒரு கிழமையில் நல்ல விலைக்குப் போகும்" என்றார்.

படம் அப்படியே இருக்கிறது.