இன்வெர்ட்டரா, ரூட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ்ஸா?

கோயமுத்தூரில் சரவணம்பட்டி, காளப்பட்டி, விளாங்குறிச்சிப் பக்கம் வாடகை வீட்டில் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை பார்ப்பவருக்கு இன்வெர்ட்டர் தேவையில்லை, ரூட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் (அடாப்டருக்கும் ரூட்டருக்கும் நடுவில் மாட்டும் சின்ன லித்தியம் பாட்டரி டப்பா) போதும் என்பது என் கட்சி. எங்கள் வீட்டில் ஓடுவதும் அதுதான். சொந்த வீடு, வயசான அப்பா அம்மா, டெஸ்க்டாப் என்று இருந்தால் கணக்கு வேறுங்க. அதைக் கடைசியில் பார்ப்போம்.

விலை, எடை எல்லாம் தெரிந்த சங்கதி. 150 ஆம்பியர்-அவர் ட்யூபுலர் பாட்டரியோடு (ஆசிட்டும் ஈயத் தகடும் உள்ள, தண்ணீர் ஊற்றும் ரகம்) இன்வெர்ட்டர் போட்டால் ரூ. 20,000 பக்கம் வந்துவிடும், பாட்டரியை மாடி ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். மினி யுபிஎஸ் ஒன்றிரண்டு ஆயிரத்தோடு முடிந்துவிடும்.

நம்ம ஊரில் கரண்ட் போவது இரண்டு விதம். ஆடிக் காற்று கிளம்பினால் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் தென்னை மட்டை லைனில் விழும், கம்பி உரசும், இரண்டு நிமிஷம் போய்ப் போய் வரும். இன்னொன்று பராமரிப்பு ஷட்டவுன். துணை மின் நிலையத்தின் பெயரைப் போட்டு முந்தின நாளே பேப்பரில் வந்துவிடும், காலை 9 மணிக்குப் போனால் சாயங்காலம் 4 அல்லது 5.

முதல் வகைத் தடை லேப்டாப்புக்குத் தெரியவே தெரியாது, அதற்குள்ளேயே பாட்டரி இருக்கிறது. செத்துப் பிழைப்பது ஃபைபர் மோடம்தான். ஒரு நொடி கண் சிமிட்டினாலும் அது முதலிலிருந்து எழுந்து, லைனைப் பிடித்து, வைஃபை கொடுக்க இரண்டு மூன்று நிமிஷம் ஆகும். அதற்குள் மீட்டிங்கிலிருந்து வெளியே தள்ளி, ஆஃபீஸ் நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன்னையும் அறுத்துவிடும். ஆக, காப்பாற்ற வேண்டியது எட்டு வாட் இழுக்கும் ஒரு டப்பாவை. அதற்கு 1,800 வாட்-அவர் பாட்டரி கட்டி வைப்பது பூனைக்கு யானைக் கொட்டாய் போட்ட மாதிரி.

ஆனால் என் முடிவுக்குக் காரணம் காசு இல்லை, பராமரிப்பு. கோயமுத்தூரில் இப்போது கரண்ட் போவதே குறைவு. அதனால் இன்வெர்ட்டர் பாட்டரி மாசக்கணக்கில் முழு சார்ஜில் சும்மா நிற்கிறது. நிற்கும்போதும் சார்ஜர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் விட்டுக்கொண்டே இருக்கும், உள்ளே இருக்கும் தண்ணீர் வாயுவாகப் பிரிந்து போய்க்கொண்டே இருக்கும். மட்டம் இறங்கித் தகட்டின் தலை வெளியே தெரிந்தால் அந்தப் பகுதி கெட்டுவிடும், பிறகு தண்ணீர் ஊற்றினாலும் பழைய பலம் திரும்பாது. இதில் பெரிய சிக்கல், கெட்டுப்போனது வெளியே தெரியாது என்பதுதான். பாதி செத்த பாட்டரிகூட இரண்டு நிமிஷத் தடையை அலுங்காமல் தாங்கும். ஷட்டவுன் அன்று பத்தரை மணிக்கு, கிளையன்ட் காலுக்கு நடுவில்தான் குட்டு உடையும்.

இன்வெர்ட்டர் வைத்திருந்தால் மூன்று மாசத்துக்கு ஒரு தடவை ஆறு மூடியிலும் தண்ணீர் மட்டம் காட்டும் மிதவையைப் பாருங்கள். குறைந்தபட்சக் கோட்டுக்கு வந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், அதுவும் சார்ஜ் நிறைந்த பிறகு. முன்னாலேயே ஊற்றினால் சார்ஜ் ஏறும்போது மட்டம் உயர்ந்து ஆசிட் வழியும். போர் தண்ணீரில் உப்பு, ஆர்ஓ தண்ணீரிலும் மிச்ச உப்பு உண்டு. சிறுவாணிக் குடிநீரே ஆனாலும் பாட்டரிக்கு ஆகாது. டெர்மினலில் பச்சை, வெள்ளைப் பொடி பூத்திருந்தால் வெந்நீரால் துடைத்து, காயவிட்டு, இறுக்கி, வாஸ்லின் தடவுங்கள். படுக்கையறைக்குள் வைக்காதீர்கள், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். இதையெல்லாம் வருஷம் பூரா தவறாமல் செய்கிற ஆள் வீட்டில் இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

மினி யுபிஎஸ்ஸில் தண்ணீரும் இல்லை, ஆசிட்டும் இல்லை. மாசம் ஒரு தடவை அடாப்டரைப் பிடுங்கிவிட்டு எத்தனை நேரம் நிற்கிறது என்று பார்த்தால் சோதனை முடிந்தது. லித்தியம் செல்லும் கிழடாகும், சூடான ரூட்டர் தலைமேல் வைத்தால் சீக்கிரமே ஆகும். டப்பா லேசாக உப்பியிருந்தால் யோசிக்காமல் கழற்றிவிடுங்கள்.

வாங்கும் முன் ரூட்டர் அடாப்டரின் அடிப்பக்க எழுத்தைப் படியுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட், 1 அல்லது 1.5 ஆம்பியர். சில பழைய சின்ன ரூட்டர்கள் 9 வோல்ட், அதில் 12 வோல்ட் முனையைச் செருகினால் கருகிப்போகலாம். பின் 5.5 மில்லிமீட்டர் என்றாலும் உள்துளை 2.1, 2.5 என இரண்டு ரகம். மாறினால் உள்ளேயே போகாது, இல்லையென்றால் லூசாக நின்று, கேபிளைத் தொட்டாலே ரீஸ்டார்ட் ஆகும். மோடம் தனி, ரூட்டர் தனி என்றால் இரண்டு ஆம்பியரையும் கூட்டிப் பாருங்கள். பலர் கோட்டை விடுவது இன்னொரு இடத்தில்: ரூட்டரோடு வந்த 1 ஆம்பியர் அடாப்டரையே யுபிஎஸ்ஸுக்கும் போடுவார்கள். அது ரூட்டரையும் ஓட்டி, செல்லையும் நிரப்ப வேண்டும், திணறும். 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்று தனியாக வாங்கிவிடுங்கள்.

மினி யுபிஎஸ் அட்டையில் 8,000 எம்ஏஎச் (8 ஆம்பியர்-அவர்) என்று போட்டிருப்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு. பெருக்கினால் 30 வாட்-அவருக்குக் கொஞ்சம் கீழே, 12 வோல்ட்டுக்கு ஏற்றும் சேதாரம் போக 25 தேறும். எட்டு வாட் மோடத்துக்கு மூன்று மணி நேரம். இரண்டு டப்பா சேர்ந்து 14 வாட் இழுத்தால் இரண்டு மணி நேரம்கூட இல்லை.

அப்போது முழுநாள் ஷட்டவுனுக்கு? உண்மையைச் சொன்னால் மினி யுபிஎஸ் மட்டும் தாங்காது. லேப்டாப்பின் 50 வாட்-அவர் பாட்டரி, சாதாரண கோடிங் வேலைக்கு 15 வாட் இழுத்தால் மூன்று மணி நேரம். 65 வாட் தரக்கூடிய, 20,000 எம்ஏஎச் டைப்-சி பவர்பேங்க் இன்னொரு நாலு மணி நேரம் தரும். மத்தியானத்துக்கு மேல் நெட்டுக்கு ஃபோன் ஹாட்ஸ்பாட். எல்லோரும் அதே டவரில் தொங்குவதால் அன்று வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

இன்வெர்ட்டருக்குக் கொட்டுவதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். ஷட்டவுன் அன்று மோடத்துக்கு எப்படியாவது கரண்ட் கொடுத்து, ஃபைபரில் சிக்னல் இல்லையென்றால் எரியும் எல்ஓஎஸ் (LOS) விளக்கைக் கவனியுங்கள். சிவப்பு மினுக்கினால் எதிர்முனையிலிருந்து வெளிச்சமே வரவில்லை. லைன் அறுந்திருக்கலாம். அறுபடவில்லை என்றால் கேபிள்காரர் கன்ட்ரோல் ரூமிலோ, கம்பத்துப் பெட்டியிலோ பேக்கப் இல்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட லைனில் வீட்டில் ஜெனரேட்டரே வைத்தாலும் நெட் வராது, மாற்ற வேண்டியது கனெக்‌ஷனை.

இன்வெர்ட்டர் ஜெயிக்கும் இடம் ஃபேன். பெரியவர்கள், கைக்குழந்தை இருக்கும் வீட்டில் சித்திரை வெயிலில் வாதமே கிடையாது. மானிட்டரோடு 100 வாட்டைத் தாண்டும் டெஸ்க்டாப்புக்கும் அதுதான் வழி. லைன் கரண்ட் மாதிரியே சீரான அலை தரும் சைன் வேவ் ரகம் வாங்கி, யுபிஎஸ் மோடில் வையுங்கள், இல்லையென்றால் லைனிலிருந்து பாட்டரிக்குக் கைமாறும் இடைவெளியில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். பழைய பாட்டரியை ஈயத்துக்காகக் கடைக்காரரே விலை போட்டு எடுத்துக்கொள்வார், மினி யுபிஎஸ்ஸுக்கு அந்த மதிப்பு இல்லை.

தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத லித்தியம் இன்வெர்ட்டர்களும் இப்போது கடைக்கு வந்திருக்கின்றன. எங்கள் பக்கம் ஐந்து வருஷம் ஓட்டியவர் யாரையும் இன்னும் பார்க்கவில்லை, அதனால் அவற்றைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன்.